வௌவாலும் வெண்மூக்கு நோயும்

கதிரவன் மேல்திசையில் மறையும் வேளையில், திருவள்ளூர் வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் பனந்தோப்புகளிலும் இருள் மெல்லப் பரவும். அப்பொழுது பழைய மண்டபங்களின் முகட்டிலிருந்தும், பாழ்மனைகளின் இடுக்குகளிலிருந்தும் சிறுசிறு உருவங்கள் வெளிப்பட்டு வானில் வட்டமிடும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் விளக்குக் கம்பங்களைச் சுற்றி மொய்க்கும் பூச்சிகளை நாடியும் அவை பறந்து வரும். அவற்றைப் பறவை என்று எண்ணுவாரும் உளர். அவை பறவை அல்ல. குட்டி ஈன்று பாலூட்டி வளர்க்கும் விலங்குகளே. வௌவால் என்பது அவற்றின் பெயர். வாவல் என்றும் வழங்குவர். சிறிய இனத்தைத் துரிஞ்சில் என்றும் கூறுவர். பாலூட்டிகளுள் சிறகடித்துப் பறக்க வல்லது வௌவால் ஒன்றே.

உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. பாலூட்டி இனங்களை எண்ணினால், அவற்றுள் ஐந்தில் ஒரு பங்கு வௌவாலே ஆகும். அவற்றுட் சில கனிகளை உண்டு விதைகளைப் பரப்பும்; சில மலர்த்தேனை நாடி மகரந்தத்தைக் கொண்டு செல்லும்; பெரும்பாலானவை பூச்சிகளை உண்ணும். நெல்வயலில் இரவில் பறக்கும் அந்துப் பூச்சிகளுக்குப் பகல் முழுவதும் பறவைகளால் அச்சமில்லை. இருளில் அவற்றை வேட்டையாடும் காவலன் வௌவாலே. கூலி கேளாத இக்காவலனைச் சகுனத் தடை என்று மக்கள் வெறுப்பது அறியாமையின்பாற்படும்.

இத்தகைய பயனுள்ள உயிருக்கு இந்நூற்றாண்டில் ஒரு கொடிய பகை தோன்றிற்று. அப்பகை கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூசணம். அது வட அமெரிக்கக் கண்டத்தில் இலக்கக்கணக்கான வௌவால்களை மாய்த்தது. ஆயினும், அது தாக்கிய இனங்கள் யாவும் ஒருபடியாக அழியவில்லை. ஒரே குகையில், ஒரே குளிர்காலத்தில், ஓர் இனம் மாண்டது. மற்றோர் இனம் பிழைத்தது. இவ்வேறுபாடு எதனால் உண்டாயிற்று? இதனை ஆராய்வோர்க்கு இயற்கையின் அரிய உண்மை ஒன்று விளங்கும்.

அவ்வுண்மையை அறியுமுன், குளிர்நாட்டு வௌவால்களின் வாழ்க்கை முறையைச் சிறிது அறிதல் வேண்டும். தமிழகத்தில் ஆண்டு முழுவதும் பூச்சிகள் கிடைக்கும். குளிர்நாடுகளிலோ, பனி பெய்யத் தொடங்கியதும் பூச்சிகள் மறைந்துவிடும். உணவில்லாத அம்மாதங்களைக் கழிக்க அந்நாட்டு வௌவால்கள் ஓர் உபாயத்தை மேற்கொள்கின்றன. இலையுதிர் காலத்தில் அவை மிகுதியாக உண்டு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். பின்னர்க் குகைகளிலும் கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் புகுந்து, தலைகீழாகத் தொங்கிய வண்ணம் ஆறு மாதங்கள் வரை உறங்கும். இதனைக் குளிர்கால உறக்கம் என்பர்.

இவ்வுறக்கம் நம் இரவு உறக்கம் போன்றதன்று. பறக்கும்போது நம் உடலைப் போல் வெப்பமாக உள்ள வௌவாலின் உடல், இவ்வுறக்கத்தில் குகையின் குளிர்ச்சியளவிற்குத் தாழ்ந்துவிடும். நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான முறை துடித்த நெஞ்சு மிகச் சில முறைகளே துடிக்கும். நோயை எதிர்க்கும் உடலாற்றலும் அப்போது ஏறத்தாழ ஓய்ந்திருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்திற்கு ஒருமுறை வௌவால் சிறிது நேரம் விழித்து, மீண்டும் உறக்கத்தில் ஆழும். விழித்திருக்கும் நேரம் குளிர்காலத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே. ஆயின், குளிர்காலத்திற்கென்று சேர்த்த கொழுப்பில் ஐந்தில் நான்கு பங்கு அச்சிறுபொழுதிற்கே செலவாகிறது. குளிர்ந்த உடலை மீண்டும் வெப்பமாக்குதல் அத்துணைச் செலவுமிக்க செயல். வரவு இல்லாத காலத்தில் செட்டாக வாழும் இல்லத்தரசியைப் போல, வௌவால் தன் கொழுப்பை அளந்து செலவிட்டு இளவேனிலை எட்டுகிறது. இச்செட்டில் ஒரு சிறு பிழை நேரினும் அதன் உயிர்க்கு இறுதியாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகருக்கு அருகில் ஹோவ்ஸ் குகை என்னும் இடம் உள்ளது. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அங்குச் சென்ற குகை ஆர்வலர் ஒருவர், உறங்கும் வௌவால்களைப் படம் பிடித்தார். அவற்றின் மூக்கில் மாவு பூசினாற்போல வெண்மை படிந்திருந்தது. அடுத்த ஆண்டில் அவ்வட்டாரத்துக் குகைகளில் ஆயிரக்கணக்கான வௌவால்கள் இறந்து கிடந்தன. நோய்க்கு வெண்மூக்கு நோய் என்று பெயரிட்டனர். அது குகைக்குக் குகை, மாநிலத்திற்கு மாநிலம் பரவிற்று. 2012-ஆம் ஆண்டில் அந்நாட்டு வனவுயிர்த் துறையினர், 57 இலட்சம் முதல் 67 இலட்சம் வௌவால்கள் வரை அதுகாறும் இறந்திருக்கலாம் என்று கணக்கிட்டனர். 2016-ஆம் ஆண்டில், நோய் கண்ட இடங்களுக்கு மிகத் தொலைவில் உள்ள மேற்குக் கரையோர வாஷிங்டன் மாநிலத்திலும் அது காணப்பட்டது.

நோயின் காரணமான பூசணம் அறிவியலுக்குப் புதியதொன்று என்பது 2009-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இதுபோது அதற்குச் சூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ் என்று பெயர் வழங்குகின்றனர். டெஸ்ட்ரக்டன்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு அழிப்பது என்பது பொருள். இப்பூசணம் குளிர்ச்சியை விரும்புவது. செல்சியஸ் அளவில் 12 முதல் 16 பாகை வரையுள்ள வெப்பத்தில் நன்கு வளரும். 20 பாகையைக் கடந்தால் வளராது. குகைகளின் குளிர்ச்சியும் ஈரமும் இருளும் அதற்கு உகந்தவை. வௌவால்கள் இல்லாத காலத்தும் குகை மண்ணில் அது பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். விழித்துப் பறக்கும் வௌவாலின் வெப்பம் மிக்க உடலில் அதனால் வளர இயலாது. உடல் குளிர்ந்து, எதிர்ப்பாற்றல் ஓய்ந்து, ஆறு மாதம் அசையாமல் தொங்கும் வௌவாலே அதற்கு ஏற்ற விளைநிலம்.

பூசணம் மூக்கிலும் செவியிலும் சிறகின் மெல்லிய தோலிலும் வேர்விட்டாற்போல் ஊடுருவுகிறது. சிறகு புண்ணாகும்போது உடலின் நீர் குறைகிறது. நோயுற்ற வௌவால் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை விழிப்பதை விடுத்து, வாரத்திற்கு ஒருமுறை விழிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு விழிப்பிலும் கொழுப்பு கரைகிறது. பனிக்காலம் முடியுமுன்னே சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. பசியாலும் நீர் வேட்கையாலும் வாடிய வௌவால், வெளியே பூச்சி ஒன்றும் இல்லாத பனி நாளில் குகையை விட்டுப் பறந்து வீழ்ந்து மடிகிறது. பூசணம் தொடங்கிய அழிவைப் பசி முடித்துவைக்கிறது.

இனி, இனத்திற்கு இனம் உள்ள வேறுபாட்டைக் காண்போம். சிறு பழுப்பு வௌவால், வடநாட்டு நெடுஞ்செவி வௌவால், மூவண்ண வௌவால் ஆகிய மூன்று இனங்கள், நோய் பரவிய இடங்களில் பத்தே ஆண்டுகளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் குறைந்தன என்று 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. நெடுஞ்செவி வௌவால் 2022-ஆம் ஆண்டில் அழியும் நிலையிலுள்ள இனமாக அந்நாட்டு அரசால் அறிவிக்கப்பட்டது. ஆனால், பெரும் பழுப்பு வௌவாலுக்கு இத்துணைப் பேரழிவு நேரவில்லை. வர்ஜீனியப் பெருஞ்செவி வௌவால், பூசணம் உள்ள குகைகளிலேயே தங்கியும் நோய்க்குறி இன்றி வாழ்கிறது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பெருஞ்சுண்டெலிச் செவி வௌவால் ஒன்றின் மூக்கில் இதே பூசணம் காணப்பட்டது. பின்னர் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் சீனத்திலும் அது கண்டறியப்பட்டது. அங்கெல்லாம் வௌவால்கள் திரள்திரளாக மடியவில்லை. ஐரோப்பியப் பூசணம் பல்வகைப்பட்டது. நெடுங்காலமாக அங்கே வாழ்வது. அமெரிக்கப் பூசணமோ ஒரே வித்திலிருந்து பெருகிய ஒருபடித்தானது. ஆகவே, ஐரோப்பாவிலிருந்து மனிதரின் காலணியிலோ உடையிலோ ஒட்டிக்கொண்டு அது கடல் கடந்திருக்கக் கூடும் என்று அறிஞர் கருதுகின்றனர்.

ஒருவேளை ஐரோப்பியப் பூசணம் கொடுமை குறைந்ததாக இருக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. அதனைத் தீர்க்க ஓர் ஆய்வு செய்தனர். அமெரிக்கச் சிறு பழுப்பு வௌவால்களுள் ஒரு கூட்டத்திற்கு அமெரிக்கப் பூசணத்தையும், மற்றொரு கூட்டத்திற்கு ஐரோப்பியப் பூசணத்தையும் இட்டு உறங்கச் செய்தனர். இரு கூட்டமும் நோயுற்று வாடின. இம்முடிவு 2012-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இதனால் ஓர் உண்மை தெளிவாயிற்று: வேறுபாடு பகையிடத்தில் இல்லை, பகையை எதிர்கொள்ளும் உயிரிடத்தில் உள்ளது.

உயிர்கள் நோயை எதிர்கொள்ளும் முறைகளைத் தவிர்த்தல், தடுத்தல், தாங்குதல் என மூன்றாகப் பகுக்கலாம்.

தவிர்த்தல் என்பது நோய்க்கு இடங்கொடாத வகையில் வாழ்தல். மூவண்ண வௌவால் குகையின் உட்பகுதியில், சற்று வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தை நாடும். அதன் மயிரில் பனித்துளிகள் கோத்து நிற்கும். பூசணத்திற்கும் அவ்விடமே உகந்தது. பெரும் பழுப்பு வௌவாலோ குளிர்ச்சி மிக்க, ஈரம் குறைந்த இடத்தைத் தேர்ந்துகொள்ளும். கட்டடங்களின் இடுக்குகளிலும் உறங்கும். அவ்விடங்களில் பூசணம் தழைப்பதில்லை. நோய் பரவிய பின்னர், முன்பு நெருங்கிக் கூட்டமாகத் தொங்கிய சிறு பழுப்பு வௌவால்களுட் பல தனித்தனியே தொங்கத் தொடங்கியமையும் கண்டனர். நெருங்கி வாழ்தல் இன்பமே எனினும், தொற்றுநோய்க் காலத்தில் விலகி இருத்தல் காப்பாகும் என்பதை மனிதரும் 2020-ஆம் ஆண்டில் உணர்ந்தனர் அன்றோ?

தடுத்தல் என்பது உடலை அணுகிய பகையை வளரவொட்டாமற் செய்தல். பெரும் பழுப்பு வௌவாலின் தோலில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பூசணத்தின் வளர்ச்சியைக் குறைக்கின்றன என ஆராய்ச்சியாளர் கண்டனர். சில வௌவால்களின் தோலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள், ஆய்வுக்கூடத்தில் இப்பூசணத்தை அடக்கியமையும் 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கோட்டை மதிலின்மேல் நிற்கும் காவலரைப் போல அவை தம் இருப்பிடத்தைக் காக்கின்றன.

தாங்குதல் என்பது பகை உட்புகுந்த பின்னும் நிலைகுலையாது இருத்தல். ஐரோப்பியப் பெருஞ்சுண்டெலிச் செவி வௌவால் இதற்குச் சான்று. அதன் மூக்கிலும் சிறகிலும் பூசணம் படிகிறது. ஆயினும் அஃது அடிக்கடி விழித்துத் தன் கொழுப்பை வீணாக்குவதில்லை. நோயோடு உறங்கி, இளவேனிலில் எழுந்து, வெப்பமுற்ற உடலால் நோயைப் போக்கிக்கொள்கிறது. பகையைக் கண்டு பதறுவோர் தம் பொருளையெல்லாம் இழப்பதும், பொறுத்திருப்போர் பிழைப்பதும் உயிருலகத்திலும் உண்டு.

இம்மூன்று முறைகளும் ஓரினத்திற்கும் மற்றோரினத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டின. ஓரினத்திற்குள்ளேயே வேறுபாடு இல்லையா? உண்டு. சிறு பழுப்பு வௌவால்கள் பெரும்பாலும் அழிந்த நியூயார்க் மாநிலத்திலேயே, சில கூட்டங்கள் அழிவினின்று தப்பி நிலைபெற்றுள்ளன. அக்கூட்டங்களில் உள்ளவை, குளிர்காலத் தொடக்கத்தில், நோய் வருமுன் இருந்தவற்றைக் காட்டிலும் மிகுதியான கொழுப்பைச் சேர்த்திருந்தன. பிழைத்தவற்றின் மரபணுக்களை மாண்டவற்றின் மரபணுக்களோடு ஒப்பிட்டபோது சில வேறுபாடுகளும் தென்பட்டன. நோய் வருமுன் இவ்வேறுபாடுகள் எவர் கண்ணிலும் படவில்லை. அவற்றால் பயன் ஒன்றும் இருந்ததாகவும் தோன்றவில்லை. நோய் வந்தபோதோ, அச்சிறு வேறுபாடே உயிர்க்கும் இறப்பிற்கும் எல்லைக் கோடாயிற்று.

ஆயினும் இழந்ததை ஈடுசெய்தல் எளிதன்று. எட்டுக் கிராம் அளவே எடையுள்ள இவ்வுயிர் முப்பது ஆண்டிற்கு மேலும் வாழக் கூடும். ஆனால், ஆண்டிற்கு ஒரே குட்டியை ஈனும். எலி ஒரே ஆண்டில் பன்மடங்காகப் பெருகும். வௌவாலுக்கு அது இயலாது. பத்து ஆண்டில் அழிந்ததை மீட்கப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

ஓரினத்துள் மறைந்து கிடக்கும் வேறுபாடே இடர்க்காலத்தில் காப்பாகும் என்னும் இவ்வுண்மைக்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே மற்றொரு சான்று உண்டு. அங்குத் திரூர்க்குப்பத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. அங்கு உருவான டி.கே.எம். 6 என்னும் நெல், தண்டுத் துளைப்பான் என்னும் பூச்சியை எதிர்க்கும் தன்மை உடையது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அந்நெல்லைத் தம் நெல்லோடு ஒட்டி, ஐ.ஆர். 20 என்னும் புது நெல்லை 1969-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தமிழக உழவர் அதனைப் பல்லாண்டு விரும்பிப் பயிரிட்டனர். திருவள்ளூர் மண்ணில் விளைந்த நெல்லின் எதிர்ப்பாற்றல் பல நாட்டு வயல்களுக்குக் காவலாயிற்று. பலவகை நெல்லையும் போற்றிக் காத்தமையால் அன்றோ, வேண்டியபோது வேண்டிய குணத்தைத் தேடி எடுக்க முடிந்தது? நெல்லில் அறிஞர் ஆராய்ந்து செய்த தேர்வை, வௌவாலில் இயற்கை இறப்பின் வாயிலாகச் செய்கிறது. முன்னதில் இழப்புக் குறைவு. பின்னதில் இழப்பு மிகப் பெரிது.

வௌவால் அழிந்தால் மனிதர்க்கு என்ன குறை என்று வினவுவோரும் உண்டு. அவ்வினாவிற்கு 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று விடை கூறுகிறது. அமெரிக்காவில் வெண்மூக்கு நோயால் வௌவால் குறைந்த வட்டங்களில், பயிரைப் பூச்சியினின்று காக்க உழவர் 31 விழுக்காடு மிகுதியாகப் பூச்சி மருந்து தெளித்தனர். அவ்வட்டங்களில் ஓராண்டு நிரம்பாத குழந்தைகளின் இறப்பும் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. குகையின் இருளில் வௌவால் மடிந்தது. அதன் துயரம் ஊர் நடுவில் உள்ள தொட்டில் வரை எட்டியது. உலகில் ஓர் உயிரின் வாழ்வு மற்றோர் உயிரின் வாழ்வோடு எத்துணை நுட்பமாகப் பிணைக்கப்பட்டுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நோயின் பரவலைத் தணிக்க அந்நாட்டவர் முயன்று வருகின்றனர். வௌவால்கள் உறங்கும் குகைகளுட் பலவற்றைக் குளிர்காலத்தில் அடைத்து வைக்கின்றனர். ஒரு குகையினின்று மற்றொரு குகைக்குச் செல்வோர் தம் காலணியையும் உடையையும் கருவிகளையும் தூய்மை செய்தல் வேண்டும் என விதித்துள்ளனர். தடுப்பு மருந்தையும் ஆய்ந்து வருகின்றனர். இருளிலேயே நெடுங்காலம் வாழ்ந்த இப்பூசணம் புற ஊதாக் கதிரைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்பதும் 2018-ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

தமிழகத்துச் சமவெளியில் வாழும் வௌவால்களுக்கு இந்நோய் பற்றிய அச்சம் இல்லை. இங்குள்ள வெப்பத்தில் அப்பூசணம் வளராது. இங்குள்ள வௌவால்கள் மாதக்கணக்கில் உறங்குவதும் இல்லை. ஆனால், அவற்றிற்கு வேறு இடர்கள் உள்ளன. முதிர்ந்த ஆலும் அரசும் வெட்டப்படுகின்றன. பழைய கட்டடங்கள் இடிக்கப்படுகின்றன. வயல்கள் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறுகின்றன. பழந்தின்னி வௌவால்களை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தீங்குயிர்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. 2022-ஆம் ஆண்டில் செய்த திருத்தம் அப்பட்டியலையே நீக்கிற்று. சட்டம் மாறியதுபோல மக்களின் மனமும் மாறுதல் வேண்டும்.

வௌவாலைக் கையால் தொடுதல் கூடாது. அதன் வாய் பட்ட கனியை உண்ணுதலும் கூடாது. தொலைவில் நின்று காண்பதும், அது தங்கும் மரத்தையும் இடத்தையும் கலைக்காமல் விடுவதுமே போதும். எந்த இனத்தில் எந்தக் குணம் நாளைய இடரைத் தாங்கும் என்பதை இன்று எவரும் கூற இயலாது. ஆதலின், சிறிதென்றும் பயனற்றதென்றும் எண்ணி எவ்வுயிரையும் இழந்துவிடலாகாது. பலவகை உயிர்களும் பலவகையாக வாழ இடந்தருதலே அறிவுடைமையாகும், அதுவே அறமுமாகும்.